பட்டறைக் கேள்வி-பதில்: எம்.டி.எஃப் பலகையை எதைக் கொண்டு அறுப்பது?

சென்ற இதழில், மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் புத்தக அலமாரி செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: எந்த மெஷினில் அறுப்பது, அறுக்கும்போது எதற்குப் பயப்படுவது. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே. தேக்கும் வேங்கையும் இழைத்து வளர்ந்தவன் நான். இன்று என் பட்டறைக்குள் வருகிற சரக்கில் முக்கால்வாசி இந்த அழுத்துப் பலகைதான். அதைத் தொடும் பையன்களிடம் நான் தினமும் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நவராத்திரிக்கு ஐந்து படிக் கொலு மேடை 18 மி.மீ. எம்.டி.எஃப்பில் செய்ய ஆசை. அபார்ட்மென்ட் வீடு. என் கணவர் நாலங்குல மார்பிள் கட்டர் வாங்கி வைத்திருக்கிறார். மர பிளேடு மாட்டினால் போதும் என்று கடையில் சொன்னார்களாம். போதுமா?
— வாசகி, ஸ்ரீரங்கம்

அறுபடத்தான் செய்யும் அம்மா. ஆனாலும் வேண்டாம் என்பேன்.

மார்பிள் கட்டர் கல்லுக்கும் டைல்ஸுக்கும் பிறந்த மெஷின். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். மரத்துக்கான ஏழங்குல சர்க்குலர் சா 5,000 சொச்சம்தான். சர்க்குலர் சாவில் பிளேடுக்குக் கீழே ஒரு மூடி இருக்கிறது. பலகையை விட்டு மெஷின் வெளியே வந்த உடனே ஸ்பிரிங் இழுத்து அது தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அந்த மூடி கிடையாது. போதாததற்குப் பல மாடல்களில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் அப்படியே நின்றுகொள்ளும், கையை எடுத்தாலும் ஓடும். நிறுத்திய பிறகும் பிளேடு சில விநாடி சுற்றும். அந்தச் சில விநாடிக்குள் மெஷினை மடியோரம் இறக்கியவர்கள் தொடையில் தையல் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வேலைக்கு எந்த மெஷினும் வாங்க வேண்டியதில்லை. பலகை விற்கிற பெரிய கடைகளில் பேனல் சா, இல்லாவிட்டால் ஸ்லைடிங் டேபிள் சா வைத்திருப்பார்கள். வெட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு அளவுக்கு அறுத்துத் தருவார்கள். எட்டுக்கு நாலடி, 18 மி.மீ. ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 40 கிலோ இருக்கும். அது உங்கள் லிஃப்டுக்குள் நுழையாது, இரண்டு பேர் மாடிப்படியில் திருப்பி ஏற்றுவதற்குள் மூலை உடையும். துண்டாக வந்தால் ஆட்டோவிலேயே வந்துவிடும். தூசி கடையோடு போகிறது, வெட்டும் மூலைமட்டம் வைத்தது போல நேராக இருக்கும். வீட்டில் அறுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டில் அறுக்க வேண்டியதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

கடைக்குப் போகும்போது வெட்டுப் பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வெட்டிலும் பிளேடு சுமார் 3 மி.மீ. தின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம். படி ஒன்று நாலடி நீளம், பத்தங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், 96 அங்குல ஷீட்டில் 9 துண்டு வரும். துண்டுகளுக்கு 90 அங்குலம், பிளேடுக்கு ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஐந்தங்குலத்துக்குக் குறைவான ஒரு பட்டை மிஞ்சும். ஐந்து துண்டு படிக்கு ஆயிற்று, மீதி நான்கைப் பக்கத் தாங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். பார்க்கத்தான் கெட்டி, நீளவாக்கில் பாரம் ஏறினால் எம்.டி.எஃப் தொய்யும். மண் பொம்மைகளின் கனத்துக்கு இரண்டடிக்கு ஒரு தாங்கல் கட்டாயம். ஆகவே ஒவ்வொரு படிக்கும் நடுவிலும் ஒன்று கொடுங்கள்.

பக்கங்களைப் படிப்படியாக வளைத்து வெட்டாமல் தனித்தனிப் பெட்டிகளாக அமைத்தால் எல்லாமே நேர் வெட்டு, வீட்டில் ரம்பத்துக்கு வேலையே இல்லை. ஓரங்களை உப்புத்தாளில் தேய்ப்பதும் திருகாணிக்கு ஓட்டை போடுவதும்தான் உங்கள் பங்கு. ஓரத்தில் திருகாணி ஏற்றுவதானால் முதலில் துளை போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பலகை அப்பளமாகப் பிரியும். தேய்ப்பதும் தூசிதான். மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

மார்பிள் கட்டரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் டைல்ஸ் வேலைக்கு இருக்கட்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டி சன்னமாக அறுத்துவிடலாம் என்கிறான் நண்பன். நல்ல யோசனையா?
— வாசகர், மதுரை

இல்லை. எந்தச் சூழ்நிலையிலும் இல்லை.

நாலங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். பலகைமேல் உட்காரத் தட்டு கிடையாது, ஆழத்தைக் கட்டுப்படுத்த வழி கிடையாது. மூடி பாதி பிளேடைத்தான் மறைக்கும், அதையும் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தேய்க்கும் கல் இரும்பில் பட்டால் அது தேயும், அவ்வளவுதான். பல் பிளேடு பலகையில் ஒரு நூல் கோணினால் பல் கடித்துக்கொள்ளும், அந்த வேகம் அத்தனையும் மெஷினைத் தூக்கி உங்கள் பக்கம் எறியும். கை, தொடை, கழுத்து, எது எதிரே இருக்கிறதோ அது. செயின் சா சங்கிலி சுற்றிய வட்டுகளும் கிரைண்டருக்கென்று விற்கிறார்கள். அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட வேண்டாம். உங்கள் நண்பரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், தம்பி.

மூன்று வருடமாகத் தனியாக இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். ஏழங்குல சர்க்குலர் சாவோடு வந்த 24 பல் பிளேடில், மேல்பூச்சுத் தாள் ஒட்டியே வரும் ப்ரீ-லேமினேட்டட் எம்.டி.எஃப் அறுத்தால் ஓரம் பொரிந்து போகிறது. சில சமயம் கருகுகிறது. மெஷினை மாற்றவா?
— வாசகர், சேலம்

மெஷினைக் குறை சொல்லாதீர்கள், பிளேடை மாற்றுங்கள். பெட்டியோடு வருகிற 24 பல், சட்டமும் உத்தரமும் அறுக்க. அழுத்துப் பலகைக்கு 40 முதல் 60 பல் வரை உள்ள டி.சி.டி பிளேடு, அதாவது பல் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு வைத்துப் பற்றவைத்தது வேண்டும். சாதா எஃகுப் பிளேடு இதற்கு ஆகாது. எம்.டி.எஃப் என்பது மரநாரை இறுகின பிசினால் பிணைத்த சரக்கு. அந்தப் பிசின் எஃகு முனையைச் சீக்கிரமே மழுக்கிவிடும். மேலே மைக்கா ஒட்டிய பலகைதான் அதிகம் என்றால், ஒரு பல் தட்டையாகவும் அடுத்த பல் இரு முனை சீவியதாகவும் மாறி மாறி வரும் பிளேடு கேட்டு வாங்குங்கள். டிரிப்பிள் சிப் என்று சொன்னால் கடையில் தெரியும். பிளேடின்மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, உங்கள் மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். நடுத்துளையும் பொருந்த வேண்டும். துளை பெரிதென்று வாஷரை வெட்டிச் செருகுவது கூடாது.

கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே ஏறி வருகிறது. ஆகையால் மேல் முகம்தான் பொரியும். நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்து அறுங்கள். வளைவு அறுக்கும் ஜிக்சாவும் அப்படித்தான். அதற்கு மட்டும் கீழ்நோக்கிப் பல் வைத்த பிளேடும் கிடைக்கிறது. மேசை ரம்பத்தில் தலைகீழ்: நல்ல முகம் மேலே. இந்த ஒன்றைக் கையில் எழுதிக் கொடுத்தாலும் மறந்துபோகிற பையன்கள் உண்டு. கோடு கீறும்போதே நல்ல முகத்தின் பின்புறம் கீறச் சொன்னால் தானாகச் சரியாகும்.

கோட்டின்மேல் கூர்மையான கத்தியால் ஒரு தடவை அழுத்திக் கீறிவிட்டு அறுத்தால் மைக்கா பொரியாது. பலகைக்கு அடியில் ஒரு கழிவுப் பலகையைப் பரப்பி, அதையும் சேர்த்து லேசாகக் கீறும்படி பிளேடின் ஆழத்தை வையுங்கள். பலகைக்குக் கீழே பல் ஐந்தாறு மி.மீ. தெரிந்தால் போதும். முழு ஆழமும் இறக்கி அறுப்பது பழக்கமாகிவிட்டிருக்கிறது பலருக்கு. அடியில் பிடித்திருக்கும் விரல்கள் போவது அதனால்தான். நேர் அறுப்புக்கு ஓர் அலுமினியச் சட்டத்தை இரண்டு பக்கமும் கவ்வி போட்டு இறுக்கி, அதன் ஓரமாக மெஷினைத் தள்ளுங்கள். கையால் கோடு பார்த்துப் போவதைவிடச் சுத்தம், பிளேடும் கோணாது.

கருகுகிறது என்றால் மூன்றில் ஒன்று: பல் மழுங்கியிருக்கிறது, இல்லை பிளேடில் பிசின் அடை கட்டியிருக்கிறது, இல்லை நீங்கள் மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள். பிளேடைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டிப் பாருங்கள். பாதி பிளேடுகள் அதிலேயே உயிர்பெறும். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.

என் கணவர் ஒரு பட்டறையில் எம்.டி.எஃப் அறுக்கும் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வரும்போது புருவம்வரை வெள்ளையாக வருவார். காலையில் விடாமல் தும்மல், இருமல். ஒரு பக்க மூக்கு அடைத்தே இருக்கிறது, இரண்டு முறை இரத்தமும் வந்தது. முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறாரே, அது போதாதா?
— வாசகி, நாகர்கோவில்

போதாது அம்மா. இந்தக் கடிதத்துக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அவரை ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில். ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்’ என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: மரப்பலகைத் தூசியில் இத்தனை வருடம் வேலை, ஒரே பக்கம் அடைப்பு, இரத்தம் என்று. அந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வது முக்கியம். பெரும்பாலும் தூசியால் வந்த அழற்சியாகத்தான் இருக்கும். ஆனால் மரத்தூசி, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூக்குக்குள்ளும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. பலகையை ஒட்டும் பிசினிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயுவையும் அதே முகமை 2004-ல் அதே பட்டியலில் சேர்த்தது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ‘தச்சன் மூக்கு அடைக்காமல் இருக்குமா’ என்று நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

தேக்கை ரம்பத்தில் அறுத்தால் விழுவது கண்ணுக்குத் தெரியும் தூள், காலடியில் விழும். எம்.டி.எஃப் அப்படியில்லை. மரத்தை ஏற்கெனவே நார்நாராக அடித்துப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்த பலகை அது. அறுக்கும்போது முகப்பவுடர் போல மாவாகப் பறக்கும். அதில் மிகச் சன்னமானது அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும், அறுத்து முடித்து டீ குடிக்க உட்காரும்போதும் சுவாசத்தோடு போய்க்கொண்டே இருக்கும். பருத்தித் துண்டின் நெசவு இடைவெளி அந்தத் தூசிக்குத் திறந்த வாசல். வியர்வையில் நனைந்த துண்டு, தூசியை வாய்க்குப் பக்கத்திலேயே பிடித்துவைக்கிற வேலையைத்தான் செய்யும்.

வேண்டியது என்95, அல்லது ஐ.எஸ். 9473 தர எண்ணும் எஃப்.எஃப்.பி2 என்ற எழுத்தும் அச்சிட்ட மாஸ்க். நாள் முழுக்க எம்.டி.எஃப் அறுப்பவருக்கு எஃப்.எஃப்.பி3 இன்னும் நல்லது. மூக்கின்மேல் இருக்கும் கம்பியை அழுத்திப் பொருத்த வேண்டும். ஊதிப் பார்த்தால் ஓரத்தில் காற்று கசியக்கூடாது. தாடி வைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் ஒட்டாது. ஃபார்மால்டிஹைடு வாயு, இந்தத் தூசி மாஸ்க்கில் நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு நல்ல காற்றோட்டம் வேண்டும்.

மாஸ்க் என்பது கடைசி வேலி. அதற்கு முன்னால் தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சப்பட வேண்டும். சர்க்குலர் சா, ஜிக்சா, பள்ளம் குடையும் ரவுட்டர் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தூசி போகும் ஒரு குழாய் வாய் இருக்கிறது. வாங்கின நாளிலிருந்து அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் அதிகம். அதில் வேக்குவம் குழாயை மாட்டினாலே பறப்பதில் பெரும்பகுதி குறையும். சன்ன வடிகட்டி இல்லாத வேக்குவம் ஆபத்தான மாவைப் பின்பக்கமாக ஊதித் தள்ளும் என்பதால் ஹெப்பா வடிகட்டி வைத்ததாக இருக்க வேண்டும். வடிகட்டி சீக்கிரம் அடைக்காமலிருக்க, மூடிய பிளாஸ்டிக் வாளியின் தலையில் சைக்ளோன் கூம்பு ஒன்றை இடையில் வைப்பார்கள். தூசி சுழன்று வாளியில் இறங்கிவிடும். இது பெரிய முதலீடு இல்லை. முதலாளியிடம் கேட்கத் தயங்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கேட்பது அவர் உரிமை, செய்து தருவது முதலாளியின் கடமை. பட்டறை முதலாளிகளில் ஒருவனாகவே இதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் விளக்குமாற்றால் பெருக்குவது, படிந்த தூசியை மறுபடி காற்றில் எழுப்பும் வேலை. புளோயரால் ஊதுவது அதைவிட மோசம். வேக்குவம் செய்யட்டும், அல்லது ஈரத்துணியால் துடைக்கட்டும். வீட்டு வாசலிலேயே வேலைச் சட்டையைக் கழற்றித் தனியாக ஊறப்போடுங்கள், உதற வேண்டாம். தலைக்குக் குளித்த பிறகே குழந்தையைத் தூக்கட்டும். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா.

சைட்டில் சர்க்குலர் சாவைக் கவிழ்த்து ப்ளைவுட் மேசைக்கு அடியில் திருகி, மேசை ரம்பமாக வைத்து அறுக்கிறோம். கீழ் மூடி இடைஞ்சலாக இருப்பதால் கம்பியால் கட்டிவிட்டோம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. சரிதானே?
— வாசகர், ஓசூர்

சரியில்லை. ஓசூரில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க வேலை நடக்கிற வீடுகளில் இந்த மேசையைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் என் வயிறு கலங்குகிறது.

அறுபட்ட இரண்டு பாதியும் பிளேடுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெருக்கினால் பிளேடின் பின்பக்கப் பற்கள் பலகையைக் கவ்வும். அந்தப் பற்கள் மேலெழும்பி உங்களை நோக்கி ஓடுகிறவை. பலகை எகிறி வயிற்றில் அடிக்கும், தள்ளிக்கொண்டிருந்த கை, ஊன்றுகோல் இழந்து பிளேடின்மேல் விழும். இதைத் தடுக்கத்தான் முறையான மேசை ரம்பத்தில் பிளேடுக்கு நேர் பின்னால் ஒரு தகடு நிற்கிறது, ரிவிங் நைஃப் என்பார்கள். வெட்டுத்தடம் மூடிக்கொள்ளாமல் அது பிரித்துப் பிடிக்கும். உங்கள் மேசையில் அது இல்லை, மூடியும் இல்லை, அவசரத்துக்கு அணைக்கும் சுவிட்ச் குனிந்து தேடும் இடத்தில் இருக்கிறது.

மின்வெட்டு வேறு இருக்கிறது. கரண்ட் போனால் டீக்குப் போய்விடுகிறீர்கள், கையை எடுத்தாலும் ஓடும்படி சுவிட்சை இறுக்கிக் கட்டின மெஷின் ஆன் நிலையிலேயே கிடக்கிறது. மேசைமேல் கிடக்கும் துண்டை ஒருவர் பொறுக்கும் நேரத்தில் கரண்ட் திரும்பினால்? முறையான மேசை ரம்பங்களில், கரண்ட் போனால் தானே விழுந்துவிடும், மறுபடி அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் கிடைக்கிறது. சைட்டுக்கு எடுத்துப்போகும் பத்தங்குல மேசை ரம்பம் ஒன்றை, ரிவிங் நைஃபும் மூடியும் இருப்பதாகப் பார்த்து, பங்கு போட்டாவது வாங்குங்கள். அதுவரை பலகையைத் தரையில் கழிவுப் பலகைமேல் போட்டு, சட்டம் கட்டி, சாவைக் கையில் பிடித்து அறுங்கள். அந்தக் கம்பியை இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

மேசை வந்த பிறகும்: பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் அரையடி இடப்பக்கம் விலகி நில்லுங்கள். சிறு துண்டைத் தள்ளுவதற்கு நுனியில் பள்ளம் வெட்டிய ஒரு தள்ளுகட்டை எப்போதும் மேசையிலேயே இருக்கட்டும். பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் விரல் போகக்கூடாது என்று என் பட்டறை மேசையில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

விரல் பட்டால் தானே நின்றுவிடும் ரம்பம் உண்டாமே, உண்மையா?
— வாசகர், பெரம்பூர்

உண்மை. ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999-ல் உருவாக்கியது, சா-ஸ்டாப் என்ற பெயரில் விற்பனையில் இருக்கிறது. பிளேடில் ஒரு சிறு மின் சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும். தோல் பட்டதும் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பற்களுக்குள் புதைந்து, சுமார் 5 மில்லி விநாடியில் பிளேடை நிறுத்திவிடும். விரலில் கீறலோடு போகும். பிளேடும் அந்தக் கட்டையும் பெரும்பாலும் வீணாகிவிடும், அது ஒரு நஷ்டமே இல்லை. விலைதான் நம் ஊர்ப் பட்டறைக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது.

பட்டறைப் பையன்களுக்குக் கையுறை, கண்ணாடி வாங்கித் தர நினைக்கிறேன். வேறு என்ன வாங்க வேண்டும்? ஒருவேளை விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்வது?
— வாசகர், தூத்துக்குடி

நல்ல மனசு உங்களுக்கு. பலகையைத் தூக்கி வைக்கும்போது கையுறை போடலாம், ஓரம் கையைக் கிழிக்காது. பிளேடு சுற்றும்போது கழற்றிவிட வேண்டும். நூல் ஒன்று பல்லில் சிக்கினால் கையையே உள்ளே இழுக்கும். அதே காரணத்துக்காகக் கைலி, தோளில் துண்டு, தொங்கும் கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய சாமிக் கயிறு எல்லாம் மெஷின் பக்கம் ஆகாது. கயிற்றைக் கழற்றச் சங்கடப்படுபவர்கள் அதன்மேல் முழுக்கைப் பட்டனைப் போட்டுக்கொள்ளட்டும்.

கண்ணாடி, பக்கங்களும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடியாக இருக்கட்டும். காதுக்கும் வாங்குங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான். சர்க்குலர் சா ஓடும்போது சத்தம் 100 டெசிபலை ஒட்டி வரும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, அமெரிக்கத் தொழில்நல அளவுகோலின்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும். பஞ்சு வைப்பது பயனில்லை, நுரை இயர்பிளக் மலிவாகவே கிடைக்கிறது. மின்பெட்டியில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட ஒயரைத் தூக்கி எறியுங்கள்.

விரல் துண்டானால்: காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை லேசாக ஈரமாக்கின சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீருக்குள் வையுங்கள். பனிக்கட்டி விரலில் நேராகப் படக்கூடாது, பட்டால் திசு கெட்டுவிடும். மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டவே வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, விரலை ஒட்டும் நுண் அறுவை வசதி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு பெயர்பெற்றது, கோவையில் கங்கா மருத்துவமனை. உங்கள் ஊருக்கு மிக அருகில் எது என்று இன்றே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே யாரும் விசாரிக்க முடியாது.

மிஞ்சிய துண்டுகளையும் தூளையும் வெந்நீர் அடுப்பில் போடலாமா?
— வாசகி, பொள்ளாச்சி

கூடாது. பிசின் எரிந்து வரும் புகை நச்சு. அதில் ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். தூளைக் கையால் அள்ளி நெருப்பில் வீசினால் காற்றிலேயே குபீரென்று பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆட்டுக் கொட்டகையில் பரப்புவதும் எருக்குழியில் போடுவதும் வேண்டாம். தூளை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் சேருங்கள். துண்டுகளில் கொஞ்சம் பெரியதைப் பட்டறைகளே அறுப்புக்கு அடியில் போட வாங்கிக்கொள்ளும்.

கட்டடக்கலை படிக்கிறேன். மாதிரிக் கட்டடத்துக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப்பை ஹாஸ்டல் அறையில் எப்படி அறுப்பது?
— மாணவி, சென்னை

மெஷினே வேண்டாம். கனமான ஸ்னாப்-ஆஃப் கத்தி, ஓர் இரும்பு அளவுகோல், அடியில் பழைய பலகை. முதல் கீறல் லேசாக, கோட்டை நிலைநிறுத்த மட்டும். அதே தடத்தில் பல தடவை இழுத்தால் துண்டாகிவிடும், தூசியும் கிளம்பாது. அழுத்தி ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால்தான் கத்தி அளவுகோல்மேல் ஏறி இடது கை விரலுக்கு வரும். முனை மழுங்கினால் உடனே ஒடித்துவிடுங்கள். வளைவும் ஜன்னல் துளைகளும் நிறைய இருந்தால் கல்லூரி லேசரில் கொடுங்கள். புகைபோக்கி ஓடுகிறதா என்று பார்த்து நில்லுங்கள், அந்தப் புகையும் அதே பிசின் புகைதான்.

ஈ1 என்று அச்சிட்ட பலகையும் எச்.டி.எச்.எம்.ஆர் பலகையும் அறுக்கப் பாதுகாப்பானவையா?
— வாசகர், ஈரோடு

ஈ1 என்பது ஃபார்மால்டிஹைடு அளவைக் குறிக்கும். 100 கிராம் பலகையில் 8 மில்லிகிராமுக்குள். ஈ2-வில் அது 30 வரை போகலாம். ஆகவே படுக்கையறைக்கும் குழந்தைகள் அறைக்கும் ஈ1-க்கு மேல் போகாதீர்கள். எம்.டி.எஃப்புக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 12406 முத்திரையையும் பாருங்கள். எச்.டி.எச்.எம்.ஆர் ஈரம் தாங்கும், அடர்த்தியும் கூடுதல், அதனால் பிளேடு இன்னும் சீக்கிரம் மழுங்கும். தூசி விஷயத்தில் எந்த எழுத்தும் உங்களைக் காப்பாற்றாது. எந்தப் பலகைக்கும் அதே மாஸ்க், அதே வேக்குவம்.

பிளேடைத் தீட்டக் கொடுக்கும் நேரம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், கும்பகோணம்

தள்ளுவதற்குக் கூடுதல் பலம் வேண்டியிருந்தால், மெஷினின் குரல் இறங்கினால், அறுத்த ஓரம் பழுப்பேறினால் நேரம் வந்துவிட்டது. முதலில் கழுவிப் பாருங்கள். பிறகும் அப்படியே இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பற்களை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். முனையில் வெள்ளையாக ஒரு கோடு மின்னினால் அது மழுங்கிய முனை. கார்பைடு பல்லை நாமே அரத்தால் தேய்க்க முடியாது, வைரக் கல் வைத்த தீட்டும் மெஷின் உள்ள கடைக்கு அனுப்ப வேண்டும். ஒரு பல் உதிர்ந்திருந்தாலும் விரிசல் தெரிந்தாலும் தீட்டக் கொடுக்காதீர்கள். அந்தப் பிளேடை வளைத்துப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி.